‘டாக்டரம்மா’வுக்கு முடியவில்லை என்றால், யாரிடம் சொல்வாள்?

மலைக்கிராமங்களில் எம்.பி.பி.எஸ். சீட் ஒரு வீட்டுக்கு மட்டும் கிடைப்பதில்லை, ஊருக்கே கிடைக்கிறது. எமரால்டு, இத்தலார், நஞ்சநாடு பக்கத்து ஹட்டிகளில் ஒரு பிள்ளைக்குக் கவுன்சலிங்கில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தால் போதும். மறுநாளே பஸ் ஸ்டாப்பில், மளிகைக் கடையில், கோயில் வாசலில் அந்தப் பிள்ளையின் பெயர் மாறிவிடும்.

“என்ன டாக்டரம்மா, எப்போ கிளம்புறீங்க?”

கல்லூரி வாசலை அவள் இன்னும் மிதிக்கவில்லை. உடம்பில் எத்தனை எலும்பு என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஊருக்கு அவள் டாக்டர் ஆகிவிட்டாள்.

இதில் கேலி துளியும் இல்லை. பெரிய வியாதி என்றால் மலையிறங்கி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கோவைக்கு ஓடிய அனுபவம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மழைக்காலத்தில் அந்த ஓட்டத்துக்கும் உத்தரவாதமில்லை. 2019 ஆகஸ்ட்டில் எமரால்டை அடுத்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாலை சரிந்தால் ஊரே துண்டாகிவிடும். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ஊட்டிக்கு வந்தது. அதுவரை நீலகிரி மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரியே கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் ‘நம்ம வீட்டுப் பிள்ளை டாக்டருக்குப் படிக்குது’ என்றால், அது வெறும் பெருமை இல்லை. ஒரு தைரியம்.

அந்தத் தைரியத்தின் மொத்த எடையையும் 18 வயதுப் பிள்ளை ஒன்று தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளையின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிவதில்லை.

எமரால்டு பக்கத்து ஹட்டி ஒன்றிலிருந்து, மலைக்குக் கீழே உள்ள ஒரு கல்லூரிக்குப் போகும் பெண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அவள் ஒருத்தி இல்லை, அவளைப்போல் பலர்.

களைப்பு வேறு, கருகல் வேறு

டிசம்பர், ஜனவரியில் எமரால்டு பள்ளத்தாக்கில் உறைபனி விழும். விடியற்காலையில் புல்வெளியும் தேயிலையும் வெள்ளைப் போர்வை போர்த்தியதுபோல் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் போட்டோ எடுப்பார்கள். தோட்டக்காரருக்கு மட்டும் வயிறு கலங்கும். வெயில் ஏறி இரண்டொரு நாளில் கொழுந்தெல்லாம் தீ வைத்ததுபோல் பழுப்பாகிவிடும்.

மருத்துவ மாணவர்களுக்கு வரும் ‘பர்ன்அவுட்’ ஏறக்குறைய இப்படித்தான். பார்ப்பவர்களுக்கு வெள்ளை கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், வாட்ஸ்அப்பில் சிரித்த முகம். உள்ளே கொழுந்து கருகிக்கொண்டிருக்கும்.

இந்தச் சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். இலவச கிளினிக் ஒன்றில் சம்பளமில்லாமல் வேலை செய்த தன்னார்வலர்களை அவர் கூடவே இருந்து கவனித்தார். ஆசை ஆசையாக வந்து சேர்ந்தவர்கள், ஓராண்டு வாக்கில் எரிச்சலும் வெறுமையுமாக மாறிப்போனார்கள். 1974-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். அதில் அவர் சொன்ன முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: இந்த நிலைக்கு அதிகம் ஆளாகிறவர்கள் சோம்பேறிகள் அல்ல, வேலைக்குத் தங்களை முழுசாக ஒப்புக்கொடுப்பவர்கள்.

1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளப்பதற்கு ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்தார்கள். இன்றுவரை உலகம் முழுக்க அதுதான் பெரிதும் பயன்படுகிறது. அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. ஒன்று, மனசு வற்றிப்போவது. இரண்டு, எதிரே இருக்கும் மனிதர் மனிதராகவே தெரியாமல் போவது. மூன்று, ‘நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை’ என்ற எண்ணம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட்டையும் குறிப்பிட்டது. ஆனால், அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலை தரும் தொடர் அழுத்தத்தைச் சரியாகச் சமாளிக்க முடியாதபோது வரும் நிலை என்றே சொன்னது.

சாதாரணக் களைப்பு ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். பொங்கல் லீவுக்கு வந்து நான்கு நாள் அம்மா கையால் சாப்பிட்டால் சரியாகிவிடும். பர்ன்அவுட் அப்படிப் போகாது. லீவு முடியும் முந்தைய நாள் மாலையே நெஞ்சில் கல் ஏறும்.

எத்தனை பேருக்கு இந்தப் பாதிப்பு? 2016-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 43 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அதில் 27.2 சதவீதம் பேரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ தெரிந்தன. மனச்சோர்வும் பர்ன்அவுட்டும் ஒன்றல்ல. ஆனால், ஒன்றுக்கொன்று பக்கத்து வீடு. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. 25,000-க்கும் அதிகமான எம்.பி.பி.எஸ். மாணவர்கள் அதன் ஆன்லைன் கணக்கெடுப்பில் பதில் சொன்னார்கள். அவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்னை இருப்பதாகச் சொன்னார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல்.

முதல் பெஞ்சிலிருந்து நடு பெஞ்சுக்கு

எமரால்டிலிருந்து போன பெண், பள்ளியில் எப்போதும் முதல் மார்க். டீச்சர் கேள்வி கேட்டால் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்க்கும். கல்லூரியில் முதல் நாள் வகுப்பறைக்குள் நுழைந்தால் 150 பேர். 150 பேரும் அவரவர் பள்ளியில் முதல் மார்க்!

அந்த 150 பேரில் யாரோ ஒருவர் 75-வது ரேங்க் வாங்கித்தான் ஆக வேண்டும். கணக்குப்படி அது இயல்பு. ஆனால், 12 வருடம் ‘நான் என்றால் என் மார்க்’ என்று வளர்ந்த பிள்ளைக்கு அது ரேங்க் குறைவதாகத் தெரியாது. தானே குறைந்துவிட்டதாகத் தெரியும். மனநல ஆய்வாளர்கள் முதலில் சுட்டிக்காட்டும் காரணங்களில் இது ஒன்று. சுயமதிப்பை ஒரே ஒரு கொக்கியில் மாட்டி வைத்திருந்தால், அந்தக் கொக்கி கழன்றால் எல்லாமே கீழே விழும்.

அடுத்தது மொழி. வீட்டில் படுக மொழி. பள்ளியில் தமிழ். இங்கே அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் ஆங்கிலத்தில். கனமான புத்தகத்தில் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் பக்கத்துக் கட்டில் தோழி ஐந்து பக்கம் போயிருப்பாள். வைவாவில் பதில் தெரியும், வாக்கியம் வராது. தெரியாததால் முழிப்பதற்கும், சொல்ல வராமல் முழிப்பதற்கும் வித்தியாசம் பார்க்கத் தேர்வாளருக்கு நேரமிருக்காது.

மூன்றாவதுதான் மோசமானது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. அதுவரை மருத்துவக் கல்லூரிக் கனவையே காணாத வீடுகளுக்கு அது கதவைத் திறந்தது. ஆனால், அந்தக் கதவு வழியாக வந்த பிள்ளையின் காதில், கேன்டீனிலோ ஹாஸ்டல் வராந்தாவிலோ, ‘கோட்டாவுல வந்ததுதானே’ என்ற ஒரு வார்த்தை விழுந்தால் போதும். பிறகு அந்த வார்த்தையை வேறு யாரும் சொல்ல வேண்டாம். அவளே தனக்குத் தினமும் சொல்லிக்கொள்வாள். நல்ல மார்க் வந்தால் அதிர்ஷ்டம். குறைந்த மார்க் வந்தால் ‘பார்த்தியா, எனக்குத் தகுதி இல்லை.’

இந்த மனநிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1978-ல் இதை ‘இம்போஸ்டர்’ உணர்வு என்று எழுதினார்கள். அதாவது, ‘நான் ஏமாற்றி உள்ளே வந்துவிட்டேன், என்றைக்காவது மாட்டிக்கொள்வேன்’ என்ற பயம். அவர்கள் ஆராய்ந்தது தோற்றுப்போனவர்களை அல்ல. படிப்பிலும் வேலையிலும் நன்றாக ஜெயித்த பெண்களை. ஜெயித்த பிறகும் அந்தப் பயம் அவர்களை விடவில்லை.

எமரால்டுப் பெண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஆங்கில மீடியத்தில் படித்து, டாக்டர் வீட்டிலிருந்து வந்த பக்கத்துக் கட்டில் தோழிக்கும் இதே பயம் இருக்கலாம். ‘அப்பா, அம்மா ரெண்டு பேரும் டாக்டர்; நான் மட்டும் இப்படி’ என்று அவளும் போர்வைக்குள் அழலாம். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே காரணத்துக்காக, தனித்தனியாக அழுவார்கள். 2024 அறிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். மாணவர்கள், தனிமை உணர்வு எப்போதுமோ அடிக்கடியோ வருவதாகச் சொன்னது சும்மா இல்லை.

அப்பாவின் கேரட் தோட்டம்

அப்பாவுக்கு அரை ஏக்கர் தேயிலை, கொஞ்சம் கேரட். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் என்ன விலை போகும் என்பதும் அவர் கையில் இல்லை. விடிவதற்கு முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பறிக்கப் போவார்கள். பறித்ததைக் கழுவி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றினால்தான் காசு.

அதே நேரத்தில் ஹாஸ்டலில் அவள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புத்தகம் திறந்திருக்கும். மண்டையில் ஏறாது. ‘அப்பா இப்போ தோட்டத்துக்குக் கிளம்பியிருப்பார்’ என்ற நினைப்பு மட்டும் ஏறும்.

வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. ‘நாங்க இவ்ளோ கஷ்டப்படுறோம், நீ படிக்க மாட்டேங்குற’ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இருந்தாலும் கடன் கணக்கு அவள் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு இன்டர்னல் தேர்வில் மார்க் குறைந்தால், அது பாடத்தில் குறைந்த மார்க் இல்லை. அப்பாவின் முதுகுவலிக்குச் செய்த துரோகம்.

எல்லாம் நூற்றுக்கு நூறு இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை உளவியலில் ‘பெர்ஃபெக்‌ஷனிசம்’ என்கிறார்கள். பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் என்ற ஆய்வாளர்கள் 1991-ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடமே குறையில்லாமையை எதிர்பார்ப்பது ஒன்று. மற்றவரிடம் எதிர்பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, ‘மற்றவர்கள் என்னிடம் குறையில்லாமையை எதிர்பார்க்கிறார்கள், கொஞ்சம் தவறினாலும் அவர்கள் கண்ணில் நான் ஒன்றுமில்லை’ என்று நம்புவது. மனச்சோர்வோடும் பர்ன்அவுட்டோடும் அதிகம் நெருங்கி நிற்பது இந்த மூன்றாவது வகைதான்.

முதல் வகைக்காரருக்குத் தன் உழைப்பாவது தன் கையில் இருக்கும். மூன்றாவது வகைக்காரருக்குத் தன் மதிப்பே ஊரார் கையில். ‘டாக்டரம்மா’ என்று பாசத்தோடு கூப்பிட்ட ஒவ்வொரு குரலும் அந்தப் பக்கம் போய் நீதிபதியாக உட்கார்ந்துகொள்ளும். கூப்பிட்டவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

‘பெட் நம்பர் 14’

இரண்டாம் ஆண்டில் வார்டுக்குப் போகத் தொடங்குவார்கள். இதற்காகத்தானே வந்தோம் என்று அவள் ஆசையாகப் போவாள். முதல் வாரம் ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கதை கேட்பாள். அந்தப் பாட்டியின் பெயர், ஊர், பேரப்பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இரண்டு வருடம் கழித்து அதே பெண் தோழியிடம், “அந்த பெட் நம்பர் 14 கேஸ் பார்த்தியா? லிவர் நல்லா தட்டுப்படுது” என்பாள். பாட்டியின் பெயர் ஞாபகத்தில் இருக்காது. யாராவது இறந்துபோனால் முதலில் எழும் எண்ணம், கேஸ் ஷீட்டை யார் முடித்துக் கொடுப்பது என்பதாக இருக்கும். பிறகு ஒருநாள் கண்ணாடியில் முகம் கழுவும்போது, ‘நான் ஏன் இப்படி ஆகிவிட்டேன்?’ என்று அவளுக்கே திக்கென்று இருக்கும்.

மாஸ்லாக் சொன்ன இரண்டாவது அடையாளம் இதுதான். இதைக் கெட்ட குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் இல்லாத செடி முதலில் இலையை உதிர்ப்பதுபோல, வற்றிப்போன மனசு முதலில் இரக்கத்தை மிச்சம் பிடிக்கிறது. அமெரிக்காவில் முகமதுரேசா ஹோஜத் குழுவினர் மருத்துவ மாணவர்களின் பரிவுணர்வை வருடா வருடம் அளந்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் பெரிய மாற்றம் இல்லை. மூன்றாம் ஆண்டில் சரிந்தது. அங்கே மூன்றாம் ஆண்டில்தான் மாணவர்கள் நோயாளிகளோடு முழுநேரமாகப் பழகத் தொடங்குகிறார்கள். பரிவு அதிகம் தேவைப்படும் நேரத்தில் பரிவு குறைகிறது.

இதனால் நஷ்டம் மாணவிக்கு மட்டும் இல்லை. நாளைக்கு நெஞ்சுவலியோடு அவள் முன்னால் உட்காரப்போகும் பெரியவருக்கும் சேர்த்துத்தான்.

ஏன் யாரிடமும் சொல்வதில்லை?

முன்னே சொன்ன அதே 2016 ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. மனச்சோர்வு இருப்பதாகத் தெரியவந்த மருத்துவ மாணவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம் பேர். ஆறு பேரில் ஒருவர்கூட இல்லை. மனநல மருத்துவத் துறை அதே வளாகத்தில் இருக்கும். இரண்டு மாடி ஏறினால் போதும். அந்த இரண்டு மாடிதான் ஏற முடியாத மலை.

காரணங்கள் நிறைய. அந்த ஓ.பி. வாசலில் உட்கார்ந்தால் சீனியர் பார்த்துவிடுவார். நாளைக்கு வைவாவில் எதிரே உட்காரப்போகும் பேராசிரியரிடமே இன்று ‘எனக்குத் தூக்கம் வரலை சார்’ என்று சொல்வது எப்படி? மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் கல்யாணப் பேச்சில் இடிக்குமோ? இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று: டாக்டர் என்றால் மற்றவர் வலியைக் கேட்பவர். அவருக்கே வலித்தால்?

ஊர் அவளை ‘டாக்டரம்மா’ என்று கூப்பிட்ட அன்றைக்கே, தனக்கு முடியவில்லை என்று சொல்லும் உரிமையை அவள் பறிகொடுத்துவிட்டாள். அதனால்தான் இரவு ஒன்பது மணி போன் இப்படி முடிகிறது:

“சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டேன்மா.”

“படிக்கிறியா?”

“படிக்கிறேன்மா.”

“அங்கே வெயில் எப்படி?”

“பழகிடுச்சு. நீங்க தூங்குங்க, காலையில தோட்டத்துக்குப் போகணும்ல.”

ஒரு நிமிடம்கூட ஆகாது. அதில் ஒரு பொய்யும் இல்லை. ஒரு உண்மையும் இல்லை.

பிள்ளை மட்டும் மாறினால் போதாது

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனத்திடம் இல்லை’ என்று சொல்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஆறு மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை, அதே வயதுள்ள மற்ற பட்டதாரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2014-ல் வெளியானது. மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும்போது அவர்களுடைய மனநலம் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்தது. பர்ன்அவுட்டும் மனச்சோர்வும் குறைவு. அப்படியானால் பலவீனமான பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள் என்பது சரியில்லை. உள்ளே வந்த பிறகுதான் ஏதோ நடக்கிறது.

உறைபனியில் கருகிய செடியைப் பார்த்து, ‘இந்தச் செடிக்கு மனஉறுதி போதவில்லை’ என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்வதில்லை. இரவு தழையைப் போட்டு மூடுவார். விடிந்ததும் தண்ணீர் தெளிப்பார். வேருக்குச் சேதமில்லை என்றால் மறுபடி துளிர்க்கும் என்று அவருக்குத் தெரியும்.

கல்லூரிகள் அந்தத் தழையைப் போட முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, ஆரம்ப ஆண்டுகளின் பாடத்திட்டத்தில் சில மாற்றங்களைச் செய்தது. ரேங்க்கை எடுத்துவிட்டு ‘பாஸ் அல்லது ஃபெயில்’ என்று மட்டும் வைத்தது. வகுப்பு நேரத்தை 10 சதவீதம் குறைத்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த சிறு குழுக்களை உருவாக்கியது. மன அழுத்தத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொடுத்தது. மாணவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததாக 2014-ல் அறிக்கை வந்தது.

இந்தியாவிலும் பேச்சு தொடங்கிவிட்டது. மேற்படிப்பு படிக்கும் மருத்துவர்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு கட்டாயம் என்று 2024 பணிக்குழு பரிந்துரைத்தது. 74 மணி நேரம் என்பதே ஒரு சீர்திருத்தமாக வர வேண்டியிருக்கிறது என்றால், நடைமுறை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ மாணவர்களுக்கென்றே ‘மனம்’ என்ற மனநல நல்லாதரவு மன்றத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

மூச்சுப் பயிற்சியும் யோகாவும் நல்லதுதான். ஆனால் 30 மணி நேரம் தூங்காமல் டூட்டி பார்த்தவருக்கு முதலில் வேண்டியது தூக்கம். எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவருக்கு வேண்டியது மரியாதை. மனசின் காரணங்களைப் பேசும்போது இந்த வெளிக் காரணங்களை மறந்துவிடக் கூடாது.

வீடு என்ன செய்யலாம்?

கல்லூரியின் விதியை எமரால்டிலிருக்கும் அம்மாவால் மாற்ற முடியாது. ஆனால், ஒன்பது மணி போனை மாற்ற முடியும். கவனிக்க வேண்டியவை இவை:

• இரண்டு, மூன்று வாரங்களாகத் தூக்கம் கெட்டிருப்பது. அல்லது லீவில் வந்தால் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது.

• பிடித்த சாப்பாடு, பிடித்த பாட்டு, ஊர்த் திருவிழா எதிலும் ஒட்டாமல் இருப்பது.

• எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது. அல்லது எதற்குமே பதில் இல்லாமல் ஆகிவிடுவது.

• ‘எனக்கு இது சரிப்படாது’, ‘நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவாவது மிச்சம்’ போன்ற வார்த்தைகள்.

கடைசியில் உள்ளதைக் கேட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேட்டுவிட்டு, அவளைத் தனியாக விடாமல் யாராவது உடனே பக்கத்தில் போக வேண்டும்.

மற்ற நாட்களில் கேள்வியை மட்டும் மாற்றினால் போதும். ‘எவ்வளவு மார்க்?’ என்பதற்குப் பதில் ‘இன்னிக்கு யார்கூட சாப்பிட்டே?’ ‘நல்லா படிக்கிறியா?’ என்பதற்குப் பதில் ‘இந்த வாரம் எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?’ பதில் வந்தால் உடனே புத்தி சொல்லாமல், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

அப்பாக்களால் முடிந்தது இன்னொன்று. ஒரு தேர்வில் தவறினால் வீட்டுக் கதவு மூடிவிடாது என்பதைத் தேர்வுக்கு முன்பே வாயால் சொல்லிவிடுவது. ‘அது அவளுக்கே தெரியுமே’ என்று நினைப்பார்கள். அவளுக்குத் தெரியாது. ஒருமுறை சொன்னால்தான் தெரியும்.

மனசு ரொம்பவும் பாரமாக இருந்தால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். மாணவர் மட்டும் இல்லை, பெற்றோரும் கூப்பிட்டுக் கேட்கலாம்.

நம்பிக்கை தரும் ஒரு தகவலும் உண்டு. அமெரிக்காவில் லிசெலாட் டிர்பை குழுவினர் மருத்துவ மாணவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். பர்ன்அவுட்டில் இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அந்த ஓராண்டுக்குள் அதிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வெளியே வந்தவர்களிடம் தற்கொலை எண்ணமும் நன்றாகக் குறைந்திருந்தது. 2008-ல் வெளியான முடிவு இது. கருகியது கருகியதுதான் என்றில்லை.

ஊரார் ‘டாக்டரம்மா’ என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டாம். அந்த அன்பு அவளுக்கு வேண்டும். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் அவள் பழைய பெயரிலேயே இருக்கட்டும். தலைவலி என்றால் படுத்துக்கொள்ளவும், பிடிக்கவில்லை என்றால் அழவும், ‘என்னால முடியலைம்மா’ என்று சொல்லவும் அந்தப் பெயருக்குத்தான் உரிமை உண்டு.

இன்று இரவு ஒன்பது மணிக்குப் போன் வரும்போது, மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் அவள் பக்கம் அமைதியாகத்தான் இருக்கும். மூன்றாவது நாள் ஏதாவது சொல்வாள்.